கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு,

வணக்கம்.

அநியாயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அரசர்களுக்கும் சர்வாதிகாரிகளுக்கும் எழுதுவதுதான் வழக்கம். அவர்களுக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை, எழுதினாலும் படிக்க மாட்டார்கள். காலையில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுக்கில் மேலே இருக்கும் கோப்பைப் பிரிக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். குறிப்பு எழுதும் எழுத்தர், அதன் கீழே சுருக்கொப்பம் இடும் கண்காணிப்பாளர், 'ஏற்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' இரண்டில் ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் அதிகாரி, விசாரணைக் குழுவில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து கடைசிப் பக்கத்தில் மட்டும் பெயர் எழுதும் நிபுணர், எல்லோருக்கும்.

நானும் உங்களில் ஒருத்தன். ஓர் அலுவலகத்தில் 31 வருடம் குறிப்பு எழுதினேன். லஞ்சம் வாங்கியதில்லை, யாரையும் குரல் உயர்த்திப் பேசியதில்லை, தாமதமாக வந்ததற்காக ஒருமுறைகூட விளக்கம் கேட்கப்பட்டதில்லை. ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு, 'நேர்மையான மனிதர்' என்று நாலு பேர் பேசினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று மேடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு கோப்பு ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

ஒரு பெண்மணி. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். பணிப்பதிவேட்டில் கணவர் பெயரை வல்லின 'ற' போட்டு எழுதியிருந்தார்கள். இறப்புச் சான்றிதழில் இடையின 'ர'. அவ்வளவுதான். பிறந்த தேதி ஒன்று, தந்தை பெயர் ஒன்று, முகவரி ஒன்று, ஒட்டியிருந்த புகைப்படம்கூட ஒன்று. நான் இப்படி எழுதினேன்: 'பெயரில் முரண்பாடு காணப்படுவதால், உரிய திருத்தங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்கும் பொருட்டு விண்ணப்பம் திருப்பப்படுகிறது.'

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் நான் எங்கேயும் இல்லை. 'காணப்படுவதால்' என்கிறது, யார் கண்டது? 'திருப்பப்படுகிறது' என்கிறது, யார் திருப்பியது? மழை பெய்வதைப்போல, பொழுது சாய்வதைப்போல, அது தானாகவே நடந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினை என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்களே, அது எதற்குப் பயன்படும் என்று அப்போது புரியவில்லை. அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது. செய்தவன் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் மொழியில் கிடையாது.

அந்த அம்மா நாலு முறை விண்ணப்பித்தார். சான்றிதழ் தந்த அலுவலகம், 'எங்கள் பதிவு சரி, உங்கள் ஆபீசில்தான் தப்பு' என்றது. நாங்கள், 'எங்கள் பதிவு சரி, அங்கேதான் தப்பு' என்றோம். இரண்டு மேசைகளுக்கு நடுவில் அவர் நடந்தார். நாலு முறையும் நான் அதே வாக்கியத்தை எழுதினேன். நாலாவது முறை பழைய குறிப்பைப் பார்த்தே எழுதினேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அநியாயம் என்றதும் நம் மனதில் வரும் உருவம் எப்போதும் மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறது. அந்த உருவம் நமக்கு ரொம்ப சௌகரியம். நாம் அப்படி இல்லை, ஆகவே நாம் செய்வது அநியாயம் ஆகாது என்று முடித்துவிடலாம். கோவலன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் எரிந்த நகரம் ஞாபகம் இருக்கிறது. ஆபீசில் காலம் தள்ளிய எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. பாண்டியன் ஊடிய தேவியைச் சமாதானம் செய்ய அந்தப்புரத்துக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி, உடைத்துப் பார்த்து, இருப்பது முத்தா மாணிக்கமா என்று கேட்க அவனுக்கு நேரமில்லை. ஓர் உத்தரவு. நடந்துகொண்டே போட்ட கையெழுத்து அது. அவன் கெட்ட அரசன் என்று அந்தக் காப்பியமே சொல்லவில்லை.

'அநியாயம் என்றைக்கும் இருந்ததுதான், மனுஷ சுபாவம் அப்படி' என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் மாலை நாலரை மணிக்கு. என்றைக்கும் இருந்தது என்பது உண்மை. சுபாவத்தால் மட்டும் இருந்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு கருங்கல் நிற்கிறது, ஆள் உயரத்துக்கும் மேல். சூசா என்ற பழைய நகரத்தில் 1901-ல் தோண்டத் தொடங்கியபோது கிடைத்தது. பாபிலோனிய அரசன் ஹம்முராபி கி.மு. 1750 வாக்கில் வெட்டிவைத்த சட்டம். அதன் முன்னுரையிலேயே, வலியவன் எளியவனை நசுக்காமல் இருக்கத்தான் இந்தச் சட்டம் என்று அரசன் சொல்லிக்கொள்கிறான். அதே கல்லில் கொஞ்சம் கீழே வாருங்கள். மேல்நிலையில் இருப்பவனின் கண்ணைக் கெடுத்தால், கெடுத்தவனின் கண் போகும். சாதாரணக் குடிமகனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா எடை (அந்தக் கால எடை அளவு) வெள்ளி கட்டினால் போதும். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. வெட்டிய சிற்பிக்கு உளி எங்கேயும் நடுங்கியதாகத் தெரியவில்லை. முன்னுரை ஒரு நோக்கம், விலைப்பட்டியல் இன்னொரு நோக்கம், இரண்டும் ஒரே கோப்பில். நமக்குப் பழக்கமில்லாததா என்ன?

அந்தக் கல்லில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இன்னொரு விதி. தீர்ப்பு எழுதி முத்திரை வைத்த பிறகு அதை மாற்றுகிற நீதிபதி, வழக்குத் தொகையைப்போல 12 மடங்கு தண்டம் கட்ட வேண்டும், ஆசனத்தையும் இழக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு தீர்ப்பைத் திருப்புவதைத் தடுக்கத்தான் அப்படி வைத்தார்கள் என்று விளக்கம் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் எழுத்தர் புத்தி எனக்கு வேறு ஒன்றைக் காட்டுகிறது. முத்திரை விழுந்த பிறகு அதைத் தொடுவதுதான் ஆபத்து, அதைத் தொடாமல் இருப்பது பத்திரம். நம் அலுவலகங்களில் யாரும் இதைக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆனாலும் புதிதாகச் சேரும் பையன் மூன்றே வாரத்தில் தெரிந்துகொள்கிறான்.

நான் சொல்ல வந்தது இதுதான். அநியாயம் உள்ளே வர ஒரு கையெழுத்து போதும். வெளியே போக, பாதிக்கப்பட்டவர் ஆயுளில் பாதியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வித்தியாசம்தான் அதை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கிறது.

கையெழுத்து என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. கையால் எழுதும் எழுத்தும் அதுதான், ஒப்பமும் அதுதான். ட்ரேஃபஸ் வழக்கு இரண்டையும் பற்றியது. 1894-ல் பாரிஸில் ஜெர்மன் தூதரகத்துக் குப்பைக்கூடையிலிருந்து ஒரு கடிதம் பிரெஞ்சு உளவுத்துறை கைக்கு வந்தது. இராணுவ ரகசியங்களை விற்கும் கடிதம். கையெழுத்து யாருடையது? பீரங்கிப் படைக் கேப்டன் ஆல்ஃபிரட் ட்ரேஃபஸ் மேல் சந்தேகம் விழுந்தது. அவர் யூதர் என்பது அந்தச் சந்தேகத்துக்கு ரொம்பவே உதவியது. பெர்த்தியோன் என்ற நிபுணரைக் கேட்டார்கள். கையெழுத்து சில இடங்களில் ஒத்துப்போனது, சில இடங்களில் போகவில்லை. ஒத்துப்போகாத இடங்களுக்கு அவர் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? மாட்டிக்கொள்ளாமல் இருக்க ட்ரேஃபஸ் தன் கையெழுத்தைத் தானே மாற்றி எழுதியிருக்கிறார்! ஒத்தால் குற்றவாளி, ஒக்காவிட்டால் சாமர்த்தியசாலியான குற்றவாளி. என் 'ற'வும் 'ர'வும் இந்த இடத்தில் உங்களுக்கு ஞாபகம் வந்தால் நான் வருத்தப்பட மாட்டேன்.

ட்ரேஃபஸின் வக்கீலுக்குக் காட்டாத ஒரு ரகசியக் கோப்பை நீதிபதிகளுக்கு மட்டும் காட்டினார்கள். 1895 ஜனவரியில் மைதானத்தில் நிறுத்தி அவர் வாளை ஒடித்தார்கள், பட்டைகளைப் பிய்த்தார்கள், பிறகு பிசாசுத் தீவு என்ற சிறைத்தீவுக்கு அனுப்பினார்கள். இதுவரை நடந்தது தவறு என்று வைத்துக்கொள்வோம். தவறு நடக்கும்.

1896-ல் உளவுத்துறையின் புதிய தலைவர் பிக்கார் கைக்கு எஸ்தர்ஹாசி என்ற இன்னோர் அதிகாரியின் கடிதங்கள் வந்தன. குப்பைக்கூடைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கை. பிக்காருக்கும் யூதர்கள் மேல் பெரிய பிரியம் கிடையாது, அவர் காலத்து மனிதர்தான். பரந்த மனசு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பார்த்ததை மேலே எழுதினார், அவ்வளவே. மேலதிகாரிகள் என்ன செய்தார்கள்? அவரைத் துனிசியாவுக்கு மாற்றினார்கள். அவருக்குக் கீழே இருந்த ஆன்ரி என்ற அதிகாரி, ட்ரேஃபஸ் குற்றவாளிதான் என்று காட்ட ஒரு போலிக் கடிதமே தயாரித்தார். எஸ்தர்ஹாசியை விசாரித்து 1898 ஜனவரியில் விடுதலை செய்தார்கள். இரண்டு நாள் கழித்து எழுத்தாளர் எமில் ஸோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய திறந்த மடல் செய்தித்தாளில் வந்தது. மடல் எழுதியதற்கு அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள், அவர் இங்கிலாந்துக்கு ஓட வேண்டியிருந்தது. அதே வருடம் ஆகஸ்டில் ஆன்ரியின் போலி வெளிப்பட்டது, அவர் தற்கொலை செய்துகொண்டார். இவ்வளவுக்கும் பிறகு, 1899-ல் மறுவிசாரணை நடத்தி, ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் ட்ரேஃபஸ் குற்றவாளி என்று மறுபடியும் தீர்ப்பு எழுதினார்கள். சில நாளில் மன்னிப்பு வழங்கினார்கள், செய்யாத குற்றத்துக்கு. நிரபராதி என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் அறிவித்தது 1906 ஜூலையில்.

1894-ல் நடந்தது தவறு. 1896-க்குப் பிறகு நடந்தது எல்லாம் கோப்பைக் காப்பாற்றும் வேலை. பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடம் அதற்கே போனது. மனிதர்கள் தப்புச் செய்வார்கள் என்பது எனக்கும் தெரியும். தப்பு என்று தெரிந்த காகிதத்தை அத்தனை பேர் கூடி நின்று காத்தார்களே, அந்த உழைப்புதான் என்னை மலைக்க வைக்கிறது. அதில் பாதியை மறுபரிசீலனைக்குக் கொடுத்திருந்தால் வழக்கு ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

குழுவாக உட்கார்ந்தால் தவறு குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீ பகுதியில் 1932-ல் அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வு தொடங்கியது. 600 கறுப்பின ஆண்கள், அதில் 399 பேருக்குச் சிஃபிலிஸ் என்னும் மேகநோய். மருந்து கொடுக்காமல் விட்டால் நோய் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. அவர்களிடம் 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் எல்லோருக்கும் கிடைக்கும் மருந்தாகிவிட்டது, இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை, 1936-லிருந்தே மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்தன. படித்தவர்கள் பக்கத்தைத் திருப்பினார்கள். 1966-ல் பீட்டர் பக்ஸ்டன் என்ற இளம் ஊழியர் இது தகாது என்று எழுதினார். 1969-ல் குழு கூடியது, நிபுணர்கள் பேசினார்கள், ஆய்வைத் தொடரலாம் என்று முடிவெடுத்தார்கள். 1972-ல் செய்தி பத்திரிகைக்குப் போன பிறகுதான் நின்றது. அரசின் மன்னிப்பு 1997-ல் வந்தது. அந்த 1969 கூட்டத்தின் மேசையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். தண்ணீர் டம்ளர்கள், நிகழ்ச்சிநிரல், யாரோ கடிகாரத்தைப் பார்ப்பது. அந்த அறையில் ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும்?

இப்போது கணினி வந்துவிட்டது, இனி ஆள் பார்த்துச் செய்ய முடியாது என்கிறார்கள். பிரிட்டனில் அஞ்சலகங்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ஒப்பந்தப்படி பற்றாக்குறையைக் கட்ட வேண்டியவர் அந்தச் சின்ன அஞ்சலகத்தை நடத்துபவர். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களுக்கு, 'வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே' என்று பதில் கிடைத்தது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நம்பினார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றங்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டன. தவறென்றால் நீ நிரூபி என்பது நிலை. 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டவர்கள் வழக்குக்கு இழுக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள், வீட்டை விற்றவர்கள், உயிரை விட்டவர்கள் உண்டு. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019-ல்தான் மென்பொருளில் கோளாறு இருந்தது என்று தீர்ப்பு வந்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்ய 2024-ல் ஒரு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. செயப்பாட்டுவினைக்கு அடுத்தபடி ஒளிந்துகொள்ள நல்ல இடம் கிடைத்துவிட்டது நமக்கு. 'சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை.'

சரிசெய்கிறபோதுகூடக் கணக்கு யார் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிரிட்டன் 1833-ல் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, அடிமைகளின் உடைமையாளர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை, 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானிடம் வேலை செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் கடைசியாக அடைந்தது 2015-ல். பிரான்சின் அடிமைக் காலனியாக இருந்து, தானே போராடி விடுதலையான ஹெய்டியிடம் 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் கேட்டது, பின்னால் 9 கோடியாகக் குறைத்தது. எதற்கு? முன்னாள் எஜமானர்களின் நஷ்டத்துக்கு. அந்தக் கடனின் வால் 1947 வரை நீண்டது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும், நானே எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான். 'விதி எல்லோருக்கும் ஒன்று. இன்று இந்த அம்மாவுக்கு வளைத்தால் நாளைக்குச் செல்வாக்குள்ளவன் வந்து நிற்பான், அவனுக்கும் வளைக்க வேண்டும். விதிதான் எளியவனுக்குப் பாதுகாப்பு.' இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சிபாரிசு நடக்கும்.

ஆனால் என் கோப்பில் விதி வளைய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெயரில் வேறுபாடு வந்தால் நேரில் விசாரித்து, இருவரும் ஒருவரே என்று அறிக்கை வைத்து, கோப்பை மேலே அனுப்பலாம் என்று எங்கள் விதிமுறையிலேயே இருந்தது. அதற்கு ஓர் ஆள் ஒரு நாள் போய்வர வேண்டும், இரண்டு பக்கம் எழுத வேண்டும், கீழே தன் பெயரைப் போட வேண்டும். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் அந்தப் பெயருக்குத்தான் வரும். திருப்பி அனுப்பினால் எந்தத் தணிக்கையும் எதுவும் கேட்காது. கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பார்கள், கொடுக்காததற்கு யாரும் கேட்டதில்லை. என் மேசையில் அப்போது அறுபது கோப்பு இருந்தது என்பதும் நிஜம், மேலே இருந்தவர் நிலுவைப் பட்டியலைத் தினமும் கேட்டார் என்பதும் நிஜம். திருப்பிய கோப்பு அன்றைய பட்டியலில் முடிந்த கோப்பு. இப்படிக் கணக்கு வைத்தவர் யாரோ, அவருக்கும் இந்த மடலில் ஒரு பிரதி.

இடையில் ஒரு வேடிக்கை. ஓய்வுபெற்ற பிறகு என் சொந்தக் கோப்பே 11 மாதம் நின்றது. ஏதோ ஒரு வருடத்தில் எடுத்த விடுப்புக்குப் பதிவு இல்லையாம். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே இருந்த பையன் நிமிர்ந்து பார்க்காமல், 'உரிய ஆவணத்தோடு வாங்க சார்' என்றான். குரலில் ஒரு கடுமையும் இல்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. நானும் அப்படித்தான் பேசுவேன்.

எகிப்தில் ஏறத்தாழ 4,000 வருடத்துக்கு முந்தைய ஒரு கதை உண்டு. குனானுப் என்ற எளிய மனிதன் கழுதைகளோடு சந்தைக்குப் போகிறான். ஒருவன் குறுகலான பாதையில் துணியை விரித்து வழியை மறிக்கிறான். ஒதுங்கிப் போகும்போது கழுதை வயலில் ஒரு வாய் தானியத்தைக் கடித்துவிடுகிறது. அதைச் சாக்காக வைத்துக் கழுதைகளையே பறித்துக்கொள்கிறான். பறிகொடுத்தவன் ரென்சி என்ற பெரிய அதிகாரியிடம் போய் முறையிடுகிறான். அவன் பேச்சு அவ்வளவு அழகாக இருக்கிறது. அதிகாரி அரசனிடம் சொல்கிறார். அரசன், பதில் சொல்லாதே, அவன் பேசட்டும், பேசுவதையெல்லாம் எழுதிக் கொண்டுவா என்கிறான். ஒன்பது முறை முறையிட வைக்கிறார்கள். நடுவில் அடியும் விழுகிறது. கடைசியில் நியாயம் கிடைக்கிறது, பறித்தவன் சொத்தே அவனுக்கு வந்துசேர்கிறது, கதை சுபம். எனக்கு இதில் உறைப்பது வேறு. முதல் முறையீட்டிலேயே அதிகாரிக்கு எல்லாம் தெரியும். மீதி எட்டும் கேட்பவர்களின் சுவைக்காக. ஓர் ஆள் தன் பக்கத்து நியாயத்தை அழகாகச் சொல்லத் தெரிந்தால்தான் கிடைக்கும் என்றால், சொல்லத் தெரியாதவன் என்ன செய்வான்? என் ஜன்னலுக்கு வந்த அந்த அம்மாவுக்குப் பேச்சு வராது. விண்ணப்பத்தை நீட்டுவார், நான் படிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கையெழுத்து கொல்லத்தான் பயன்படும் என்று நான் சொல்லவில்லை. 1940 கோடையில் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரத்தில் சியூனே சுகிஹாரா என்ற ஜப்பானியத் துணைத்தூதர் இருந்தார். உயிருக்குத் தப்பி ஓட வந்த யூத அகதிகள் வாசலில் நின்றார்கள். உரிய ஆவணமும் பணமும் இல்லாதவர்களுக்கு விசா தரக் கூடாது என்பது டோக்கியோவின் உத்தரவு. நம் பாஷையில் சொன்னால், 'உரிய ஆவணங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.' அவர் தந்தி அடித்து அனுமதி கேட்டார், மூன்று முறையும் மறுப்பு வந்தது. உட்கார்ந்து கையாலேயே எழுத ஆரம்பித்தார். சில வாரத்தில் 2,000-க்கும் அதிகமான விசாக்கள். ஒரு விசாவில் ஒரு குடும்பமே போயிருக்கிறது. 1947-ல் அவர் வேலை போயிற்று. நான் உங்களைச் சுகிஹாரா ஆகச் சொல்லவில்லை, நானே ஆகவில்லை. அவர் மூன்று முறை கேட்டார் என்பதை மட்டும் கவனியுங்கள் என்கிறேன். அந்த அம்மா வந்த நாலு முறையும் நான் என் மேலதிகாரியை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்று மறுத்திருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குறிப்பில் 'நான்' என்று எழுதிப் பாருங்கள். 'நான் இந்த விண்ணப்பத்தைத் திருப்புகிறேன், காரணம் ஓர் எழுத்து' என்று எழுதிப் பார்த்தால் கை கொஞ்சம் நிற்கும், அதுவே போதும். வாசகம் மேலே போகும்போது பழைய நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது முறை அதே பெயர் வந்தால் பழைய குறிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்கும் நடை உங்களுடையதாக இருக்கட்டும், உங்களுக்கு அலுவலக வண்டி இருக்கிறது, அவர்களுக்குக் கிடையாது. தவறு என்று தெரிந்த பிறகு, பாதிக்கப்பட்டவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் வர மாட்டார்கள். ஒன்பது முறை வருவதற்கு எல்லோரிடமும் கழுதையும் காலமும் இருக்காது.

நான் ஓய்வுபெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் பழைய பதிவறையைக் காலிசெய்தார்கள். அழிக்க வேண்டிய கோப்புகளைக் கட்டுக் கட்டாகத் தரையில் போட்டிருந்தார்கள், பட்டியலோடு சரிபார்க்கும் வேலை எனக்கு. அதில் அந்தக் கோப்பு வந்தது. மேலட்டையில் 'முடிக்கப்பட்டது' என்ற முத்திரை. உள்ளே அவருடைய நாலு விண்ணப்பங்கள், என் நாலு குறிப்புகள். என் கையெழுத்து நாலிலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தது. அவருடையது அப்படி இல்லை. முதல் விண்ணப்பத்தில் பெயரை எழுத்தெழுத்தாகத் தள்ளித்தள்ளி, கோட்டின் மேலேயே நிற்கும்படி எழுதியிருந்தார். மூன்றாவதில் எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்கியிருந்தன. நாலாவதில் பெருவிரல் ரேகை மட்டும் இருந்தது, மை கலங்கிப்போய்.

கட்டிலிருந்து அதை உருவி எடுத்தேன். அன்றே புதிய குறிப்பு எழுதி, நேர்விசாரணைக்கு நானே போவதாகப் போட்டு அனுமதி கேட்டேன். மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பதிவுத் தபாலில் அவருக்குக் கடிதம் அனுப்பினேன். பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது. 'பெறுபவர் இந்த முகவரியில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி, தேதி போட்டு, யாரோ ஒருவர் சுருக்கொப்பம் இட்டிருந்தார்.

அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் மேசையில்தான் இருக்கிறது. இன்று உங்கள் அடுக்கில் மேலே இருக்கும் கோப்பில் உள்ள முகவரிக்குக் கடிதம் போட்டால் இன்னும் போய்ச்சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்